ஒரே கம்ப்யூட்டர், மூன்று பேர், ரிமோட் டெஸ்க்டாப்: ஒருவர் நுழைந்தால் மற்றவர் வெளியே போகிறார்

கேள்வி, 3 மார்ச் 2025, மாலை

அறை மூலையில் நல்ல பலமான கம்ப்யூட்டர் ஒன்று கிடக்கிறது. விண்டோஸ் 11 ப்ரோ. நாங்கள் மூன்று பேர், மூன்று இடங்களிலிருந்து லேப்டாப் வழியாக ஒரே நேரத்தில் அதில் வேலை செய்ய வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்தாயிற்று, மூவருக்கும் தனித்தனிக் கணக்கும் போட்டாயிற்று. ஆனால் ஒருவர் நுழைந்தால் உள்ளே இருப்பவர் வெளியே தள்ளப்படுகிறார். எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்? வெளியிலிருந்து வர ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும்தானே?

3 மார்ச், இரவு

முதல் கேள்விக்கு: அப்படி ஒரு செட்டிங் கிடையாது. இரண்டாவதற்கு: திறக்காதீர்கள். ஏற்கெனவே திறந்திருந்தால் மூடிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

ப்ரோ பதிப்பில் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான். கணக்கு எத்தனை வேண்டுமானாலும் போடலாம், உட்கார நாற்காலி ஒன்றே ஒன்று. ரிமோட்டில் ஒருவர் நுழைந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவருக்குத் திரை பூட்டிக்கொள்வதும் இதனால்தான். வேறொரு கணக்கிலிருந்து யாராவது வந்தால் உள்ளே இருப்பவரிடம் ஒரு பெட்டி வந்து அனுமதி கேட்கும். டீ குடிக்கப் போயிருந்தால் தொலைந்தது, பதில் வராவிட்டால் அவரை விலக்கிவிட்டு அடுத்தவரை உள்ளே விடும். ஹோம் பதிப்பில் இதுவும் இல்லை. அதிலிருந்து வேறு கம்ப்யூட்டருக்குப் போகலாமே தவிர, அதற்குள் யாரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் வர முடியாது.

4 மார்ச், காலை

"ஒரு கோப்பை மாற்றினால் ப்ரோவிலேயே பல பேர் வரலாமாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம். ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கும் டெர்ம்எஸ்ஆர்வி என்ற விண்டோஸ் டிஎல்எல் கோப்பைத் திருத்துகிற ஒட்டுவேலை அது. உரிம ஒப்பந்தத்துக்கு விரோதம் என்பது ஒரு பக்கம். அடுத்த அப்டேட் அந்தக் கோப்பை மாற்றி வைத்ததும் ஒருவரும் உள்ளே போக முடியாமல் நிற்பீர்கள் என்பது இன்னொரு பக்கம். அதுவும் கம்ப்யூட்டர் ஓரிடம், நீங்கள் மூவரும் வேறிடம் என்கிறபோது. நான் தொட மாட்டேன்.

4 மார்ச், இரவு

நேற்று "செட்டிங் கிடையாது" என்று ஒரே வரியில் முடித்தது கொஞ்சம் கறார்தான். விஷயம் இதுதான்: ரிமோட் டெஸ்க்டாப் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, அங்கே திரையில் ஓடுவதை அப்படியே இங்கே காட்டுவது. அங்கே மவுஸ் நகர்ந்தால் இங்கேயும் நகரும். மூன்று பேர் சேர்ந்தால் மூன்று பேரும் ஒரே மவுஸுக்குச் சண்டை போடுவார்கள். விண்டோஸிலும் மேக்கிலும் விஎன்சி என்ற திரைப் பகிர்வு முறை இந்த வகை. தொலைவிலிருந்து உதவி செய்யும் மென்பொருள்களும் பெரும்பாலும் இதே வகைதான்.

இன்னொன்று, நுழைகிற ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு செஷனைத் திறந்து கொடுப்பது. அவருக்கென்று ஒரு டெஸ்க்டாப், அவருடைய ஜன்னல்கள், அவருடைய கிளிப்போர்டு. அங்கே மானிட்டரே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, திரையை அதுவே கற்பனையாக உண்டாக்கிக்கொள்ளும். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் பேசும் நெறிமுறையான ஆர்டிபி பிறந்ததே இதற்காக. 1998-ல் வந்த விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பின் நோக்கமே ஒரு இயந்திரம், பல பேர் என்பதுதான். 2001-ல் எக்ஸ்பி ப்ரொஃபஷனலில் அதை ஒரு ஆளுக்கென்று சுருக்கிக் கொடுத்தார்கள். ஆக, உங்கள் ப்ரோவுக்குள் பல செஷன் திறக்கும் திறமை இருக்கிறது, உரிமம்தான் இல்லை.

உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. இதைத் தீர்மானித்துவிட்டால் எந்த மென்பொருள் என்ற கேள்வி பாதி தீர்ந்தது. பலரும் மென்பொருளில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டு அடுத்ததற்குப் போகிறார்கள்.

5 மார்ச்

விண்டோஸ் சர்வர் பற்றி. நிர்வாக வேலைக்கென்று இரண்டு ரிமோட் செஷன் கூடுதல் உரிமம் இல்லாமலே வரும். நிர்வாக வேலைக்கு என்பதை அழுத்திப் படியுங்கள். தினசரி வேலைக்குப் பல பேர் உட்கார வேண்டுமென்றால் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் போட்டு, ஆளுக்கு அல்லது கருவிக்கு ஒரு உரிமம் வாங்க வேண்டும். நிறுவியதும் 120 நாள் சலுகைக் காலம் உண்டு. அந்த 120 நாள் இருக்கிறதே, பெரிய பொறி. எல்லாம் நன்றாக ஓடும், உரிமத்தை எல்லாரும் மறந்துபோவார்கள், ஒரு நாள் காலையில் ஒருவராலும் நுழைய முடியாது. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் இப்படித்தான் ஆனது. சர்வரைக் கட்டிக் கொடுத்தவர் அதற்குள் வேலை மாறிப் போய்விட்டிருந்தார்.

உங்கள் வேலை என்னவென்று சொல்லவே இல்லையே?

6 மார்ச்

பைத்தான், பிரௌசர், கொஞ்சம் வரைபடம், மூன்றாமவருக்கு மட்டும் விண்டோஸில் ஓடும் ஒரு மென்பொருள் என்கிறீர்கள். நல்லது, அப்படியானால் விண்டோஸ் சர்வரை மறந்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடுங்கள், அதில் எக்ஸ்ஆர்டிபி, அதாவது லினக்ஸுக்குள் ஆர்டிபியில் நுழைய விடும் மென்பொருள். அதுவும் 3389-ல்தான் காது கொடுக்கும், உங்கள் லேப்டாப்பில் இருக்கும் அதே ரிமோட் டெஸ்க்டாப் செயலியாலேயே நுழையலாம். லினக்ஸ் லேப்டாப் என்றால் ரெம்மினா என்ற செயலி. ஆளுக்கொரு செஷன், தலைக்கு உரிமம் எதுவும் இல்லை.

லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஒன்றான க்னோமுக்குள்ளேயே ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. முதலில் அது திரையைப் பகிரும் வகைதான். 2024 மார்ச்சில் வந்த க்னோம் 46-ல் இருந்து, முன்னால் யாரும் லாகின் செய்யாமலே வெளியிலிருந்து நுழையும் வசதியும் சேர்ந்தது. ஒரு ஆளுக்கு அது போதும். மூன்று பேருக்கு நான் இன்னும் எக்ஸ்ஆர்டிபியும் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான டெஸ்க்டாப்பும்தான் வைப்பேன். க்னோம் அழகுதான், ஆனால் ஜன்னல் மெதுவாக மங்கி மறையும் அழகை எல்லாம் நெட்வொர்க் வழியாக அனுப்பி என்ன காணப் போகிறோம்.

விண்டோஸ் மென்பொருளுக்கு அதே இயந்திரத்துக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரம் (மென்பொருளால் ஆன கம்ப்யூட்டர்) வைத்து, அதில் விண்டோஸ் ப்ரோ. அதற்குத் தனி உரிமம் வேண்டும், மறக்காதீர்கள். மூன்றாமவர் நேராக அந்த மெய்நிகர் இயந்திரத்துக்கே போகட்டும். லினக்ஸுக்குள் போய் அங்கிருந்து விண்டோஸுக்குள் போவது வேண்டாம். செஷனுக்குள் செஷன் திறந்தால் எந்த விசையை எந்தக் கம்ப்யூட்டர் விழுங்குகிறது என்று கண்டுபிடிப்பதிலேயே பொழுது போய்விடும்.

6 மார்ச், சற்று நேரம் கழித்து

விசை என்றதும் நினைவுக்கு வந்தது. ரிமோட் விண்டோஸுக்கு கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அனுப்ப வேண்டுமானால் கன்ட்ரோல்-ஆல்ட்-எண்ட். டெலீட் அழுத்தினால் உங்கள் லேப்டாப்தான் எழுந்து நிற்கும்.

8 மார்ச்

"நுழைகிறேன், கறுப்புத் திரை, சில நொடியில் வெளியே துப்புகிறது."

எக்ஸ்ஆர்டிபி போடுகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இந்தக் கறுப்புத் திரையைப் பார்த்திருப்பார்கள். முதலில் கேட்க வேண்டியது: அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் அதே கணக்கில் யாராவது லாகின் செய்து விட்டுவிட்டீர்களா? நிறுவும்போது அங்கே உட்கார்ந்து செய்திருப்பீர்கள், திரையைப் பூட்டிவிட்டு எழுந்து வந்திருப்பீர்கள். பூட்டுவது போதாது, லாக் அவுட் செய்ய வேண்டும். ஒரே ஆளுக்கு உள்ளே ஒரு டெஸ்க்டாப்பும் வெளியிலிருந்து இன்னொன்றுமாக இரண்டு ஓடினால், பின்னால் இருக்கும் சேவைகள் யாருக்கு வேலை செய்வது என்று குழம்பி இரண்டாவதைச் சாகடித்துவிடும்.

அது இல்லையென்றால், எந்த டெஸ்க்டாப்பைத் திறப்பது என்று அதற்குத் தெரியவில்லை. ஒவ்வொருவருடைய வீட்டு அடைவிலும் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்செஷன் என்ற கோப்பை உண்டாக்கி, எக்ஸ்எஃப்சிஈ4-செஷன் என்று ஒரே வரி எழுதுங்கள். டெபியன், உபுண்டு இரண்டிலும் இது போதும்.

லாகில், அதாவது எக்ஸ்ஆர்டிபி எழுதும் பதிவுக் கோப்பில், சான்றிதழின் சாவியைப் படிக்க முடியவில்லை என்று வந்தால் எக்ஸ்ஆர்டிபி என்ற பயனரை எஸ்எஸ்எல்-செர்ட் குழுவில் சேர்த்துவிட்டு சேவையை மறுபடி தொடங்குங்கள்.

8 மார்ச், இரவு

முன்னால் லாகின் செய்திருந்ததுதான் காரணம் என்கிறீர்கள். நினைத்தேன்.

நுழைந்ததும் "நிற மேலாண்மைக் கருவிக்கு" நிர்வாகி பாஸ்வேர்ட் கேட்கும் ஒரு பெட்டி வரலாம். ரத்து செய்யுங்கள், ஒன்றும் ஆகாது. தினமும் வந்து எரிச்சல் ஊட்டினால் லினக்ஸில் அனுமதிகளைத் தீர்மானிக்கும் போல்கிட்டில் அதற்கு ஒரு விதி எழுதலாம். பாஸ்வேர்டைக் கொடுத்துப் பழக வேண்டாம்.

10 மார்ச்

போர்ட் விவகாரத்துக்கு வருவோம். "3389-க்கு பதில் 50000-க்கு மேலே ஏதாவது ஒரு எண் வைத்தால் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாருக்கும் தெரியும். மொத்த இணையத்தையும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. அவை எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, பதில் சொல்கிற விதத்தை வைத்து இது ஆர்டிபி என்று தெரிந்துகொள்ளும். எண்ணை மாற்றினால் லாகில் குப்பை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் லாபம்.

பாஸ்வேர்ட் பலமாக இருந்தால் போதாதா என்றால், 2019 மே மாதத்து புளூகீப்பை நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2019-0708. விண்டோஸ் 7, சர்வர் 2008 போன்ற பழைய பதிப்புகளின் ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்த ஓட்டை. லாகின் செய்வதற்கு முன்பே உள்ளே நுழைய வழி விட்டது, ஆக பாஸ்வேர்ட் எத்தனை எழுத்து என்பது பேச்சே இல்லை. 2014-லேயே ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அன்று திருத்தம் வெளியிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். செஷனைத் திறப்பதற்கு முன்பே ஆளைச் சரிபார்க்கும் என்எல்ஏ ஆன் ஆகியிருந்தவர்களுக்கு ஆபத்து ஓரளவு குறைவு. உங்கள் மெய்நிகர் விண்டோஸில் அந்த என்எல்ஏ ஆன் ஆகவே இருக்கட்டும். ஏதோ பழைய செயலி நுழையவில்லை என்று அதை ஆஃப் செய்யச் சொல்லும் அறிவுரைகள் நிறைய உலவுகின்றன, காதில் வாங்காதீர்கள்.

விஎன்சி இதைவிட மோசம். அதன் பழைய பாஸ்வேர்ட் முறை முதல் 8 எழுத்தை மட்டும்தான் பார்க்கும். இருபது எழுத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

11 மார்ச்

சரி, 3389-ஐத் திறக்காமல் எப்படி வருவது? விபிஎன். அதாவது இணையத்துக்குள்ளே உங்களுக்கென்று ஒரு மறைவான பாதை. அதற்கு வயர்கார்ட் என்ற மென்பொருளைப் போடுங்கள், வழக்கமான போர்ட் எண் யுடிபி 51820. அதை மட்டும் ரவுட்டரில் திறக்கலாம். சாவி இல்லாமல் தட்டுகிறவருக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது. "இல்லை" என்றுகூடச் சொல்லாது. தட்டிப் பார்க்கும் நிரலுக்கு அங்கே ஒன்றும் இல்லாத மாதிரிதான் தெரியும். மூன்று லேப்டாப்புக்கும் தனித்தனிச் சாவி. ஒன்று தொலைந்தால் அதை மட்டும் நீக்கினால் போதும்.

பிறகு ஃபயர்வாலில் 3389-ஐ விபிஎன் முகவரிகளுக்கு மட்டும் அனுமதியுங்கள். எக்ஸ்ஆர்டிபியையே விபிஎன் முகவரியில் மட்டும் காது கொடுக்கச் சொல்லலாம்தான். ஆனால் கம்ப்யூட்டர் எழும்போது வயர்கார்டுக்கு முன்னால் எக்ஸ்ஆர்டிபி எழுந்துவிட்டால் அந்த முகவரியே இல்லை என்று படுத்துவிடும். ஃபயர்வாலில் கட்டுவது தலைவலி குறைவு.

11 மார்ச், இரவு

ரவுட்டரில் திறந்தும் வெளியிலிருந்து எட்டவில்லை என்றால் ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64-லிருந்து 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. உங்கள் ரவுட்டரில் எதைத் திறந்தும் பயன் இல்லை. டெயில்ஸ்கேல் போன்ற ஏற்பாடு இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே பேசி நடுவில் சந்திக்க வைக்கும், அதைப் போடுங்கள். உள்ளே ஓடுவது வயர்கார்ட்தான். வேடிக்கை என்னவென்றால் டெயில்ஸ்கேல் கொடுக்கும் முகவரியும் அதே 100.64 கூட்டத்திலிருந்துதான் வரும். பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வெளியே ஏதாவது எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) சர்வர் வைத்திருந்தால் அதன் வழியாகச் சுரங்கம் போட்டும் வரலாம். லேப்டாப் விண்டோஸ் என்றால் இந்தப் பக்கத்து எண்ணாக 3389 வைக்காதீர்கள், அதன் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்போடு மோதும். 13389 என்று எதையாவது வையுங்கள்.

14 மார்ச்

மூன்றாமவர் மெய்நிகர் விண்டோஸில் "பின் நம்பர் சரியாகத்தான் போடுகிறேன், தவறு என்கிறது" என்கிறாராம். ஆமாம், பின் அந்தக் கருவியோடு கட்டிப்போட்டது, ரிமோட்டில் செல்லாது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால், அந்த இயந்திரத்தின் திரையிலேயே பாஸ்வேர்ட் போட்டு ஒருமுறை நுழைந்துவிட்டு வந்தால் சரியாகிவிடும். பாஸ்வேர்டே இல்லாத உள்ளூர்க் கணக்கு என்றால் ரிமோட்டில் நுழையவே விடாது, அது இயல்பான பாதுகாப்பு.

தொடர்ந்து தவறாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். விண்டோஸ் 11-ன் 22ஹெச்2 என்ற பதிப்பில் இருந்து 10 தவறுக்குப் பிறகு 10 நிமிடம் கணக்கு பூட்டிக்கொள்ளும். போர்ட்டைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு இதிலும் ஒரு கூத்து. யாரோ முகம் தெரியாதவர் பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் பார்க்க, பூட்டப்படுவது சொந்தக்காரர்.

17 மார்ச்

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், பேச்சு போர்ட் பக்கம் ஓடிவிட்டது. ஜன்னலின் மேல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் நீங்கள் வெளியேறவில்லை. இணைப்பு மட்டும்தான் அறுந்தது. செஷன் அங்கே அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பாதியில் விட்ட பைத்தான் நிரல் முடியும்வரை ஓடும், நாளைக்கு நுழைந்தால் கர்சர் விட்ட இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். ரிமோட் செஷனின் சுகமே இதில்தான். என் நெட் அறுந்தால் வேலை அறுவதில்லை.

கெடுதியும் இதில்தான். மூன்று பேரும் வாரக்கணக்கில் பெருக்கல் குறியை அழுத்திவிட்டே போனால், பிரௌசரில் திறந்த தாவல்கள் எல்லாம் மெமரியைத் தின்றுகொண்டு உயிரோடு இருக்கும். "கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது" என்று ஒருவர் ரீஸ்டார்ட் செய்வார், மற்ற இருவரின் சேமிக்காத வேலை போய்விடும். அது தான் செய்த காரியம் என்றே அவருக்குத் தெரியாது. அவர் பார்த்த திரையில் யாருமே இல்லையே. ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்கப் பழகுங்கள். விண்டோஸில் குவெரி யூசர் என்ற கட்டளை, அது காட்டும் எண்ணைக் கொடுத்து லாகாஃப் செய்யலாம். லினக்ஸில் லாகின்சிடிஎல்.

எக்ஸ்ஆர்டிபி இயல்பாக அறுந்த செஷனைக் கொல்லாது. செஷன்களைக் கவனிக்கும் செஸ்மன் என்ற பகுதியின் அமைப்புக் கோப்பில், அறுந்து இவ்வளவு நேரம் ஆனால் முடித்துவிடு என்று சொல்ல வழி இருக்கிறது. உங்கள் வேலைக்கு அதை வைக்காதீர்கள், நீண்ட நேரம் ஓடும் நிரல்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். ரீஸ்டார்ட் உரிமையை ஒரே ஒருவரிடம் கொடுங்கள், அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

18 மார்ச்

தூக்கம். கம்ப்யூட்டரின் தூக்கத்தைச் சொல்கிறேன். ஸ்லீப்பை முழுதாக ஆஃப் செய்யுங்கள். நெட்வொர்க் வழியாக எழுப்பலாமே என்றால், எழுப்பும் பொட்டலம் 102 பைட்தான், ஆனால் அதை அதே உள் நெட்வொர்க்கில் இருக்கும் ஒருவர்தான் கூவ வேண்டும். விபிஎன்னே அந்தத் தூங்கும் கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது என்றால் கூவுவதற்கு யார் இருக்கிறார்கள்? ரவுட்டரிலோ எப்போதும் விழித்திருக்கும் குட்டிக் கருவியிலோ விபிஎன் இருந்தால் அது வேறு கதை.

பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானாக எழும் வசதியையும் ஆன் செய்யுங்கள். வட்டைக் குறியாக்கம் செய்திருந்தால் இதுவும் போதாது. எழுந்து, யாருமே இல்லாத அறையில் கடவுச்சொல் கேட்டபடி நின்றுகொண்டிருக்கும். அந்தக் கட்டத்திலேயே எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து திறக்க டிராப்பேர் என்ற குட்டி எஸ்எஸ்ஹெச் சர்வர் இருக்கிறது. ஊருக்குப் போவதற்கு முன்னால் போட்டுச் சோதித்துவிடுங்கள்.

21 மார்ச்

தமிழ் தட்டச்சு பற்றிக் கேட்டவருக்கு: லேப்டாப்பில் தமிழ்99 வைத்திருப்பதை நம்பி உள்ளே போகாதீர்கள். ஆர்டிபி பெரும்பாலும் அனுப்புவது எழுத்தை அல்ல, எந்த விசையை அழுத்தினீர்கள் என்பதை. அதை எழுத்தாக்குவது அந்தப் பக்கம். லினக்ஸில் தமிழ் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸும் எம்17என்னும் அந்தப் பக்கத்தில் போட்டு, ஒவ்வொருவரும் தங்கள் செஷனில் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஆன் செய்து பார்த்தவர்களுக்கு என்ன மொழி வந்தது என்று கேட்காதீர்கள்.

இங்கே நகல் எடுத்தது அங்கே ஒட்டவில்லை என்று ஒரு நாள் வரும். விண்டோஸ் பக்கம் என்றால் டாஸ்க் மேனேஜரில், நகல்-ஒட்டு வேலையைக் கவனிக்கும் ஆர்டிபிகிளிப்பை முடித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், ரீஸ்டார்ட் தேவையில்லை.

25 மார்ச்

"போனிலிருந்து நுழைந்தேன், டெஸ்க்டாப் காலி. திறந்து வைத்திருந்த எதுவும் இல்லை. யாரோ மூடிவிட்டார்கள்."

யாரும் மூடவில்லை, சண்டையை நிறுத்துங்கள். எக்ஸ்ஆர்டிபி பழைய செஷனைத் தேடும்போது பயனர் பெயரோடு நிற ஆழத்தையும் சேர்த்துத்தான் பொருத்திப் பார்க்கும். லேப்டாப் 32 பிட்டில் நுழைந்திருக்கும், போன் செயலி 16 பிட்டில் கேட்டிருக்கும். பொருந்தவில்லை, புதிதாக ஒன்றைத் திறந்து கொடுத்துவிட்டது. போனில் இருப்பதை லாக் அவுட் செய்யுங்கள், செயலியின் அமைப்பில் நிறத்தை 32 பிட்டுக்கு மாற்றிவிட்டு மறுபடி நுழையுங்கள். பழைய ஜன்னல்கள் எல்லாம் அங்கேயே இருக்கும்.